வளர்ச்சி அட்டையில் அம்மாவுக்கும் இரண்டு கட்டங்கள் வேண்டும்

மகப்பேறு மருத்துவர்களுக்கும், குழந்தைநல மருத்துவர்களுக்கும், எடை பார்த்து அட்டையில் புள்ளி வைக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

என் மகளின் வளர்ச்சி அட்டையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஓரம் கிழிந்துவிட்டது, மடிப்பில் மை கரைந்துவிட்டது. முதல் பக்கத்தில் அவள் பிறந்த தேதி, எடை 3.9 கிலோ, நீளம், தலைச் சுற்றளவு, போட்ட தடுப்பூசிகள் எல்லாம் இருக்கின்றன. என்னைப் பற்றி இருப்பது பெயரும் ரத்த வகையும்தான். கர்ப்பமாவதற்கு முன் நான் 82 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். அந்த இரண்டு எண்களும் அந்த அட்டையில் எங்கேயும் இல்லை. அவை இல்லாததால் நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

நான்காம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது மகளைத் துணியில்லாமல் எடை மிஷினில் படுக்க வைத்தார்கள். கையைக் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள், எண் நிற்கவே மாட்டேன் என்றது. கடைசியில் 6.3 கிலோ. செவிலியர் அட்டையில் புள்ளி வைத்தார், முந்தைய புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுத்தார், பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு அட்டையைப் பார்த்தார். பிறந்தபோது 85-ஆம் கோட்டுக்கு (நூறு குழந்தைகளில் 85 பேர் அதற்குக் கீழே இருப்பார்கள்) மேலே இருந்த புள்ளி, நடுக்கோட்டுக்குக் கீழே வந்திருந்தது. "பால் பத்தலையாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கரிசனமாகத்தான் கேட்டார். அன்று சாயங்காலமே வீட்டுக்குப் புட்டிப்பால் டப்பா வந்துவிட்டது.

என் மகள் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை சிறுநீர் கழித்தாள், நன்றாகத் தூங்கினாள், ஆளைப் பார்த்தால் சிரித்தாள், நீளம் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. கோடு இறங்குகிறது, அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து இன்னொரு மருத்துவரிடம் போனோம். அவர் குழந்தையைத் தொடுவதற்கு முன்பே என்னிடம் கேட்டார்: "மாசமாகறதுக்கு முன்னாடி நீங்க எத்தனை கிலோ?" எனக்குச் சுருக்கென்றது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். சொன்னேன். "சரி, அப்ப இவ தன்னோட கோட்டைத் தேடிப் போறா. பயப்படாதீங்க" என்றார். பிறகுதான் குழந்தையைப் பரிசோதித்தார். டப்பா மெதுவாக அலமாரிக்குப் போனது.

அந்த ஒரு கேள்விக்குப் பதில் என் கோப்பில் எழுதித்தான் இருந்தது. முதல் பரிசோதனையிலேயே குறித்திருந்தார்கள். ஆனால் என் கோப்பு பிரசவப் பிரிவின் அலமாரியில், மகளின் அட்டை என் கைப்பையில். நடுவில் இரண்டு மாடிகள். பிரசவம் முடிந்ததும் தாயும் சேயும் இரண்டு துறைகள் ஆகிவிடுகிறார்கள்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்கிற உரிமை இருக்கிறது. அதனால் நானே தேடிப் படித்ததை வைத்துப் பேசுகிறேன்.

1938-ல் வால்டன், ஹாமண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பிரிட்டனில் குதிரைகளை வைத்து ஒரு காரியம் செய்தார்கள். ஷயர் என்பது வண்டியிழுக்கும் பிரம்மாண்டமான இனம், ஷெட்லாண்ட் மட்டக்குதிரை இடுப்பளவுகூட வராது. இரண்டையும் இரு வகையாகவும் கலந்தார்கள். ஒரு கலப்பில் தாய் பெரியவள், இன்னொன்றில் தாய் சின்னவள். மரபணு இரண்டிலும் பாதிக்குப் பாதி. ஆனால் ஷயர் வயிற்றில் வளர்ந்த குட்டி ஷயர் குட்டி அளவிலும், ஷெட்லாண்ட் வயிற்றில் வளர்ந்தது ஏறக்குறைய ஷெட்லாண்ட் குட்டி அளவிலும் பிறந்தன. பிறகு வளர வளர இடைவெளி சுருங்கியது, முழுசாக மறையவில்லை. தானமாகப் பெற்ற கருமுட்டையால் பிறந்த குழந்தைகளிலும் இதே சாயல்தான் தெரிந்தது: பிறந்த எடை, முட்டை கொடுத்தவரின் எடையோடு ஒத்துப்போகவில்லை, சுமந்தவரின் எடையோடுதான் ஒத்துப்போனது.

ஆக, பிறந்த அன்று நீங்கள் எழுதுகிற எடை குழந்தையைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு தாயைப் பற்றியும் சொல்கிறது. குழந்தைக்கே உரிய வேகம் வெளிப்பட ஒன்றரை, இரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை பெரிதாகப் பிறந்தது கொஞ்சம் கீழே வரும், சிறிதாகப் பிறந்தது கொஞ்சம் மேலே ஏறும். 2006-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கோடுகள், பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து வரைந்தவை. நல்ல கோடுகள், குறை சொல்லவில்லை. ஆனால் எந்தக் கோட்டில் பிறந்தாளோ அதே கோட்டில்தான் நடக்கவேண்டும் என்று அந்த வரைபடம் எங்கேயும் சொல்லவில்லை. அது நாம் சேர்த்துக்கொண்டது.

எடை கூடிய தாயின் குழந்தை ஏன் பெரிதாகிறது? குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், தாயின் இன்சுலின் போகாது. இதை வைத்துத்தான் 1950-களில் டென்மார்க் மருத்துவர் பெடர்சன் தன் விளக்கத்தைச் சொன்னார். தாயின் ரத்தத்தில் சர்க்கரை கூடினால் குழந்தை தன் சொந்தக் கணையத்திலிருந்து இன்சுலின் சுரந்து சமாளிக்கிறது. வயிற்றுக்குள் இன்சுலின் வளர்ச்சி ஹார்மோன் மாதிரியே வேலை செய்யும், முக்கியமாகக் கொழுப்பைச் சேர்க்கும். எடை கூடிய பெண்களிடம் கர்ப்பத்துக்கு முன்பே இன்சுலின் சரியாக எடுபடுவதில்லை, கர்ப்பம் அதை இன்னும் கூட்டுகிறது. இது சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைத்திருந்தேன். 2008-ல் வெளியான ஹாப்போ ஆய்வு 9 நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைப் பார்த்தது. நோய் என்று பெயர் வைக்கும் அளவுக்குக் கீழேயே, குளுக்கோஸ் ஏற ஏற, பெரிதாகப் பிறக்கும் குழந்தைகளும் கூடினார்கள். இதற்கு மேல்தான் கவலை என்று ஒரு கோடு கிழிக்க முடியவில்லை. என் சர்க்கரைப் பரிசோதனை "நார்மல்" என்றுதான் வந்தது. மகள் 3.9 கிலோ.

மறு பக்கமும் உண்டு, அதை நான் என் தங்கையின் வீட்டில் பார்த்தேன்.

அவள் கர்ப்பத்துக்கு முன் 41 கிலோ, 156 சென்டிமீட்டர். பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் எண்) கணக்குப் போட்டால் 17-கூட வராது. ஒல்லியாக இருப்பதை யாரும் ஒரு பிரச்சினையாகவே பார்க்கவில்லை. "கொடி மாதிரி இருக்கா" என்று பாராட்டுத்தான். ரொம்ப மெலிந்த பெண்ணின் உடலில் கர்ப்பத்தில் கூடவேண்டிய ரத்தம் போதிய அளவு கூடுவதில்லை, நஞ்சுக்கொடியும் சிறிதாகவே நிற்பதுண்டு. பையன் நாள் நிறைந்துதான் பிறந்தான், ஆனால் 2.3 கிலோ. 2.5-க்குக் கீழே என்றாலே குறைந்த எடை. அப்புறம் ஆரம்பித்தது ஓட்டம். ஒரு தடவை பால் குடித்தால் மேலே ஒரு புட்டி, ஏப்பம் விட்டதும் இன்னொரு தடவை. எட்டு மாதத்தில் எடைப் புள்ளி நடுக்கோட்டைத் தாண்டியது. அட்டையைப் பார்த்து எல்லோரும் கைதட்டாத குறை. நீளத்தின் கோடு பின்தங்கியே இருந்ததை யாரும் பார்க்கவில்லை. எடை நீளத்தை முந்திக்கொண்டு ஓடியிருந்தது. நாள் நிறைந்து சிறிதாகப் பிறந்த குழந்தை அளவுக்கு மீறிய வேகத்தில் எடை ஏறினால், பின்னாளில் உடல் பருமனுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வாய்ப்பு கூடுகிறது. குறைந்த எடைக்கும் பின்னாளைய இதய நோய்க்கும் உள்ள தொடர்பை 1989-லேயே டேவிட் பார்க்கர் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பழைய பதிவேடுகளிலிருந்து எடுத்துக் காட்டினார். அவரால் அது முடிந்ததற்குக் காரணம், அங்கே பல பத்தாண்டுகளுக்கு முன் செவிலியர்கள் பிறந்த எடையையும் ஒரு வயது எடையையும் ஒழுங்காக நோட்டில் எழுதி வைத்திருந்ததுதான். எழுதி வைப்பதின் அருமை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் மகளின் கோடு இறங்கியதற்கும் தங்கை மகனின் கோடு ஏறியதற்கும் காரணம் ஒரே மாதிரியானது. இருவரும் வயிற்றுக்குள் இருந்த சூழலை விட்டு வெளியே வந்து தங்கள் கோட்டைத் தேடினார்கள். இரண்டு வீட்டிலும் நாம் குறுக்கே விழுந்தோம்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. கோடு இறங்குகிற ஒவ்வொரு குழந்தையையும் "அம்மா குண்டு, அதனால்தான்" என்று விட்டுவிடக்கூடாது. பால் சரியாக இறங்காமலும் இருக்கலாம், இதயக் கோளாறோ தொற்றோ இருக்கலாம். அந்த மருத்துவர்கூட எண்ணைக் கேட்ட பிறகு என் மகளைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டுத்தான் சொன்னார். தாயின் எடை இன்னொரு தடயம், அவ்வளவுதான். எடை கூடிய தாய்க்கு ரத்த அழுத்தமும் இருந்தால் குழந்தை சிறிதாகவும் பிறக்கலாம். பி.எம்.ஐ.யும் ஒரு முரட்டுக் கணக்கு. 19-ஆம் நூற்றாண்டில் கெட்லே என்ற பெல்ஜியக்காரர் மக்கள் கூட்டத்தை அளக்க உருவாக்கியது அது, ஒரு தனி மனுஷியை எடைபோட அல்ல.

பாலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மனசில் ஆறாமல் இருப்பது அதுதான். எனக்குப் பால் இறங்க நான்காம் நாள் ஆனது. "மனசை லேசா வச்சுக்கோ, டென்ஷன்தான் காரணம்" என்றார்கள். எடை கூடிய பெண்களுக்குக் குழந்தை சப்பும்போது சுரக்கவேண்டிய புரோலாக்டின் என்ற பால் சுரப்பு ஹார்மோன் முதல் வாரத்தில் குறைவாகச் சுரக்கிறது, பால் இறங்க மூன்று நாளுக்கு மேல் ஆவதும் அவர்களுக்கு அதிகம் என்று பிறகுதான் படித்தேன். இதை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால்? பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்போடு சேர்த்து வைத்து, அடிக்கடி சப்பவைத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தால்? என் எடை உங்களுக்குத் தெரிந்தே இருந்தது. மயக்க மருந்து கணக்குக்கு அது பயன்பட்டது. பாலுக்குப் பயன்படவில்லை.

சரி, என்ன செய்யலாம்?

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. குழந்தையின் அட்டையில், பிறந்த எடைக்குப் பக்கத்தில், இரண்டு கட்டம். ஒன்றில் கர்ப்பத்துக்கு முன் தாயின் எடையும் உயரமும். இன்னொன்றில் கர்ப்பத்தில் கூடிய எடை. இரண்டும் சேர்ந்து ஏன் என்றால், முதலாவது இல்லாமல் இரண்டாவதுக்கு அர்த்தமே இல்லை. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-ல் சொன்ன அளவுகள் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும்: ஒற்றைக் குழந்தை என்றால், பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருந்தவருக்கு 12.5 முதல் 18 கிலோ வரை கூடலாம், 18.5-க்கு மேல் 25-க்குள் இருந்தவருக்கு 11.5 முதல் 16, 25-க்கு மேல் 30-க்குள் 7 முதல் 11.5, 30-க்கு மேல் 5 முதல் 9. என் தங்கை 8 கிலோ கூடினாள். நான் 14 கிலோ கூடினேன். இரண்டு பேரிடமும் "நல்லா இருக்கு" என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு அது குறைவு, எனக்கு அது அதிகம்.

அடுத்தது நேரம். கர்ப்பிணி உங்கள் முன் வந்து உட்காரும்போது பெரும்பாலும் எட்டு, பத்து வாரம் ஆகியிருக்கும். குழந்தையின் நரம்புக் குழாய் (பிறகு மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆவது) கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நஞ்சுக்கொடி உருவெடுப்பதும் அந்த முதல் வாரங்களில்தான். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது கர்ப்பத்தின் ஆரம்பத்தில் பட்டினி கிடந்த தாய்களின் குழந்தைகள் சாதாரண எடையில்தான் பிறந்தார்கள். ஆனால் பெரியவர்களான பிறகு அவர்களிடம்தான் உடல் பருமனும் இதய நோயும் அதிகம் தெரிந்தன. எடை மிஷின் காட்டாத கணக்கு அது.

கர்ப்பம் ஆன பிறகு உணவையும் நடையையும் திருத்தினால் போதாதா என்று ஆஸ்திரேலியாவில் லிமிட் ஆய்வும் (2014, 2,200-க்கு மேற்பட்ட பெண்கள்) பிரிட்டனில் அப்பீட் ஆய்வும் (2015, 1,500-க்கு மேல்) செய்து பார்த்தன. பெரிதாகப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் சொல்லிக்கொள்ளும்படி மாறவில்லை. லிமிட்டில் 4 கிலோவைத் தாண்டியவர்கள் மட்டும் சற்றுக் குறைந்தார்கள். மெலிந்தவர்கள் பக்கமும் சுலபமில்லை: மும்பையில் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சத்தான சிற்றுண்டி கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2014-ல் வந்தது. மொத்தத்தில் பிறந்த எடை மாறவில்லை. மூன்று மாதமாவது முன்னதாகச் சாப்பிட ஆரம்பித்தவர்களின் குழந்தைகள் மட்டும் சராசரியாக 48 கிராம் கூடப் பிறந்தன, அதுவும் ரொம்ப மெலிந்த பெண்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. எனக்கு இதிலிருந்து தோன்றுவது, சில மாதச் சோற்றால் ஈடுகட்டுகிற விஷயம் இல்லை இது, அதற்கும் முன்னால் ஆரம்பிக்கவேண்டும்.

எப்போது ஆரம்பிப்பது? கர்ப்பமாகாத பெண் உங்களிடம் வருவதில்லை என்பீர்கள். வருகிறாள். கையில் குழந்தையோடு, தடுப்பூசி வரிசையில் நிற்கிறாளே, அவள்தான். அடுத்த கர்ப்பத்துக்கு முந்தைய பெண் அவள். ஸ்வீடனில் 1,50,000-க்கும் மேற்பட்ட பெண்களின் முதல் இரண்டு கர்ப்பங்களை வைத்துச் செய்த ஆய்வு 2006-ல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் பி.எம்.ஐ. 3 புள்ளியோ அதற்கு மேலோ ஏறியவர்களுக்கு ரத்த அழுத்தக் கோளாறு, கர்ப்பகாலச் சர்க்கரை, பெரிய குழந்தை, ஏன், குழந்தை இறந்தே பிறப்பதுகூட அதிகமாக இருந்தது. எடை சரியாக இருந்த பெண்களுக்கும் அது பொருந்தியது. 158 சென்டிமீட்டர் உயரத்துக்கு 3 புள்ளி என்றால் ஏழரை கிலோ. முதல் பிரசவத்துக்கு அப்புறம் இறங்காமலே நின்றுவிடுகிற ஏழரை கிலோ எத்தனை பேரிடம் இருக்கிறது என்று உங்கள் வரிசையைப் பார்த்தாலே தெரியும்.

எல்லோரும் இளைத்துவிடுங்கள் என்று சொல்லிவிடாதீர்கள். எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்ட பெண்களின் பிரசவங்களைப் பற்றி 2015-ல் ஸ்வீடனிலிருந்தே ஒரு ஆய்வு வந்தது. பெரிய குழந்தைகள் குறைந்தன, கர்ப்பகாலச் சர்க்கரையும் குறைந்தது, ஆனால் சிறிதாகப் பிறந்த குழந்தைகள் கூடினார்கள். தராசின் ஒரு தட்டை அமுக்கினால் இன்னொன்று எழும். அதனால்தான் ஒவ்வொருத்தியின் எண்ணையும் தெரிந்துகொண்டு அவளிடம் பேசுங்கள் என்கிறேன்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். ஒரு தடவை அப்படிப் படித்தார்கள், எனக்குப் பின்னால் யாரோ "ம்ம்" என்றார்கள், அடுத்த இரண்டு மாதம் நான் என் மகளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை, என் கணவரை அனுப்பினேன். "இப்படி இருந்தா குழந்தை எப்படி நல்லா இருக்கும்" என்று ஒரு வரி போதும், அவள் உங்களிடம் மறுபடி உண்மையான எண்ணைச் சொல்லமாட்டாள். ஒல்லியான பெண்ணிடமும் அப்படித்தான். "வீட்டுல சாப்பாடே போடலையா" என்று என் தங்கையிடம் கேட்டவர் வேடிக்கையாகத்தான் கேட்டார், அவள் அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

இரண்டாவது கர்ப்பத்துக்கு முன் நான் 71 கிலோ. இரண்டு வருடம் பிடித்தது. பையன் 3.4 கிலோவில் பிறந்தான், கோட்டை விட்டு அதிகம் நகரவில்லை. இது ஒருத்தியின் கதை, இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். அன்று அந்த மருத்துவர் என் எடையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதால்தான் எனக்கு எண்களின் மேல் பயம் போனது.

இப்போது இரண்டு அட்டைகளிலும், பிறந்த எடைக்குப் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில், நானே பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். மகளுடையதில் 82, மகனுடையதில் 71. போன மாதம் மகனின் தடுப்பூசிக்குப் போனபோது செவிலியர் அதைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, யாரோட எடை?" என்று கேட்டார்.

"என்னோடது" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, "உயரம் எழுதலையே?" என்று கேட்டு, அவரே பேனாவை எடுத்தார்.

இப்படிக்கு,
இரண்டு குழந்தைகளின் தாய்